முப்பத்தேழாம் எண் டிஸ்க்

2012
ஜனவரி 7 — எனக்கு 6, அவனுக்கு 2
பிப்ரவரி 4 — எனக்கு 5, அவனுக்கு 3
மார்ச் 3 — எனக்கு 5, அவனுக்கு 5
ஏப்ரல் 7 — எனக்கு 3, அவனுக்கு 6
மே 5 — எனக்கு 3, அவனுக்கு 9
கூட்டுத்தொகை — எனக்கு 22, அவனுக்கு 25
மாமனார் அவனைப் புகழ்ந்தது — 11 தடவை
என்னைப் புகழ்ந்தது — 1 தடவை (குடையை மறக்காமல் கொண்டுவந்ததற்கு)

லேபிள்காரரின் பச்சை அட்டை போட்ட நோட்டில், கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி எழுதப்பட்டிருந்த பதிவு இது. நோட்டின் முன்பக்கம் தொழிலுக்கு: யாருடைய கம்ப்யூட்டர், என்ன கோளாறு, எத்தனை மணிக்குக் கை வைத்தது, எத்தனை மணிக்கு முடிந்தது. பின்பக்கம் வயிற்றெரிச்சலுக்கு. முன்பக்கத்தை யார் கேட்டாலும் விரித்துக் காட்டுவார். பின்பக்கத்தை அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை. பார்க்காமலே அந்த அம்மாளுக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு நோட்டு எதற்கு?

"அவன்" என்பது மனைவியின் தங்கை கணவன், சகலை. பதினான்கு வருடம் சீலிங் ஃபேன்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவன். கம்ப்யூட்டர் பழுது பார்க்க மூன்று மாத வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்து, 2011 நவம்பர் 14 அன்று, லேபிள்காரர் கடைக்கு எதிர்வரிசையில், சரியாக நாற்பத்தோரு எட்டுத் தூரத்தில் கடை திறந்தான். ரிப்பன் வெட்டியவரே லேபிள்காரர்தான். கத்தரிக்கோலும் அவருடையது. அதன் பிடியில் "வாங்கியது: 2003 மார்ச்" என்று ஒட்டியிருந்தது.

வெட்டிய கையை அன்றிலிருந்து அவர் நொந்துகொள்ளாத நாள் இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஏழடி அகலத்தில் இருந்தது அவர் கடை. அங்கே ஸ்டூலில் உட்கார்ந்தால் எதிரே உள்ள பேக்கரியின் கண்ணாடியில் சகலை கடை வாசல் தெரியும். உள்ளே போகும் கம்ப்யூட்டர் பெட்டிகளை எண்ணுவார். வெளியே வரும் பெட்டிகளையும் எண்ணுவார். மாதத்தின் முதல் சனிக்கிழமை கூட்டிப் போடுவார். ஃபேன்காரன் என்றுதான் மனதுக்குள் அழைப்பார். நேற்று முளைத்த காளான் இன்று குடை பிடிக்கிறது என்று பேக்கரிக்காரரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார். "நல்லா வேலை செய்யறாராமே அண்ணே" என்று பேக்கரிக்காரர் சொன்ன பதில் எரிகிற கொள்ளியில் எண்ணெயானது.

லேபிள்காரருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பத்தொன்பது வயதில் டைப்ரைட்டர் பழுது பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்தே கழற்றிய ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு சீட்டு எழுதி வைப்பவர். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. சீட்டு போய் லேபிள் வந்தது. வீட்டில் உப்பு டப்பாவில் நிரப்பிய தேதி இருக்கும். குடைக்குள் வாங்கிய தேதி இருக்கும். "நல்லவேளை, என் நெத்தியில ஒட்டாம விட்டீங்க" என்பாள் மனைவி. "உன் தேதிதான் கல்யாணப் பத்திரிகையில இருக்கே" என்பார் அவர்.

ஊர் நூலகத்தின் கம்ப்யூட்டர்களை எட்டு வருடமாக அவர்தான் பார்த்துவந்தார். கூப்பிட்டால் போகிற வேலை, நிரந்தரமில்லை. அங்கே தலைமை நூலகர் அம்மாளுக்கு அவர் கையெழுத்தின் மேல் தனி மதிப்பு. 2008 ஆகஸ்ட் 11 அன்று அந்த அம்மாள், புத்தக அட்டையில் ஒட்டுகிற கெட்டிக் காகித லேபிள் கட்டு ஒன்றை அவரிடம் கொடுத்தார். உள்ளங்கையில் பாதி இருக்கும். பின்பக்கம் பசை. "இது உங்க கைக்குத்தான் பொருத்தம்" என்றார். அன்றே லேபிள்காரர், பழுது பார்க்கப் பயன்படுத்தும் தன் சிடி டிஸ்க்குகளில், கட்டு தீரும்வரை ஆளுக்கொன்று ஒட்டினார். எண், உள்ளே என்ன இருக்கிறது, எழுதிய தேதி, தன் கையொப்பம். லேபிள் இல்லாத டிஸ்க் பெயர் வைக்காத பிள்ளை மாதிரி என்பது அவர் கொள்கை. ஒட்டியது உரிந்துபோனால்? அதற்காக நடுத்துளையை ஒட்டிய கண்ணாடி வளையத்தில் பொடி எழுத்தில் எண்ணை இன்னொருமுறை எழுதுவார். நூலகர் அம்மாள் கேட்டுக்கொண்டபடி, புத்தகங்களோடு வந்த நூலக டிஸ்க்குகளுக்கும் அவரே ஒட்டிக் கொடுத்தார். மொத்தம் 640. ஐந்து மாத வேலை.

2012 மே 28 அன்று நூலக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது. கணினிப் பராமரிப்பாளர், நிரந்தர இடம் ஒன்று, வயது ஐம்பத்திரண்டுக்குள். லேபிள்காரருக்கு ஐம்பத்திரண்டு முடிய இன்னும் மூன்று மாதமும் ஆறு நாளும் இருந்தன. அவருக்கு இது கடைசிப் பஸ். 22, 25 என்று இறங்கிக்கொண்டிருந்த கடையை நம்பி இனி எத்தனை காலம்? மே 30 அன்று மனுவைக் கொடுத்தார். தனக்காகவே போட்ட நாற்காலி என்று நினைத்துக்கொண்டார்.

ஜூன் 10, ஞாயிறு, மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு. இரண்டு மகள்களும் இரண்டு மாப்பிள்ளைகளும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். தலைக்கு மேல் ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது.

"கேட்டீங்களா பெரிய மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

"ஒண்ணும் கேக்கலையே மாமா."

"அதைத்தான் சொல்றேன்! பத்து வருஷமா கத்திக்கிட்டிருந்த ஃபேன். சின்ன மாப்பிள்ளை வந்தார், ரெக்கையில ஒரு சின்ன வாஷரை வெச்சு முடுக்கினார். வாயை மூடிடுச்சு."

"வாஷர் ஒண்ணு மிச்சமிருந்தா குடுப்பா சகலை" என்றார் லேபிள்காரர். "எனக்கும் ஒரு இடத்துல தேவைப்படுது."

எல்லோரும் சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார், யாரைச் சொன்னது என்று தெரியாமல். பன்னிரண்டாவது தடவை என்று லேபிள்காரர் மனதில் குறித்துக்கொண்டார். அப்போதுதான் கொழுந்தியாள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அத்தான், நீங்களும் அவரும் ஒரே நாள்லதான் மனு குடுத்திருக்கீங்களாம். நூலகத்து அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

லேபிள்காரர் சாப்பாட்டை விட்டுச் சகலை பக்கம் திரும்பினார்.

சகலை தலையைக் குனிந்துகொண்டான். "சும்மா போட்டு வெச்சேன் அண்ணே. எனக்கெங்க கிடைக்கப் போகுது."

"சும்மாவா? பஸ் சீட்டுல துண்டு போடுற மாதிரி போட்டு வெச்சியா?"

"அப்படியில்லண்ணே..."

"இல்லப்பா, போடு. தாராளமா போடு. நான் எட்டு வருஷமா நின்னுக்கிட்டே வந்தவன். இன்னும் கொஞ்ச தூரம் நின்னா என்ன, கால் ஒடிஞ்சா போயிடும்?"

திரும்பி வரும் வழியில் மனைவி சொன்னாள்: "அவரும் குடும்பம் நடத்துறவர்தானே."

"நடத்தட்டும். என் நாற்காலியில உக்காந்துதான் நடத்தணுமா?"

"இன்னும் நாற்காலியே வந்து சேரலை. அதுக்குள்ள கால் நாலுக்கும் சண்டை."

ஜூன் 18, திங்கள். காலையில் நூலகத்திலிருந்து அழைப்பு வந்தது. புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையிலிருந்த கம்ப்யூட்டர் உயிர் பிடிக்கவில்லை. அதற்குள் 8,412 உறுப்பினர்களின் பதிவேடு இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் தொடங்கி வைக்கும் பகுதி மட்டும்தான் கெட்டிருந்தது. பதிவேடு உள்ளே பத்திரம். வீட்டுக்குள் எல்லாம் இருக்கிறது, கதவு மட்டும் உள்பக்கம் தாழிட்டுக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு வழி, டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, ஜன்னல் வழியாக இறங்குவதுபோல உள்ளே போய்ப் பதிவேட்டை வெளியே எடுப்பது. லேபிள்காரர் நூறு தடவை செய்த வேலை.

நூலகர் அம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வியாழக்கிழமை ஆள் எடுக்கிற குழு கூடுது. இதை நீங்க சரி பண்ணீங்கன்னு நான் எடுத்துச் சொல்ல வசதியா இருக்கும்."

9:40க்குக் கை வைத்தார். முதலில் டிஸ்க்கைப் பார், பிறகு ஹார்ட் டிஸ்க்கைப் பார் என்று கம்ப்யூட்டருக்கு வரிசையை மாற்றி வைத்தார். 37ஆம் எண் டிஸ்க்கை உள்ளே தள்ளினார். டிஸ்க்கைச் சுழற்றிப் படிக்கும் டிரைவ் விர்ரென்று வேகமெடுத்தது. மேசையிலிருந்த பேனாக்கூடு நடுங்கியது. இரண்டு மூன்று முறை முனகியது. அடங்கிவிட்டது. கறுப்புத் திரையில் ஒரே வரி: தொடங்க வேண்டிய டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை.

10:05க்குக் கேபிளை மாற்றினார். அதே வரி. 10:30க்கு மதர்போர்டின் பொத்தான் பேட்டரியை மாற்றினார். அதே வரி. 11:15க்கு மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். 38ஆம் எண் டிஸ்க். பிறகு 41. பன்னிரண்டு மணிக்கு "டிரைவ் மோசம்" என்று நோட்டில் எழுதி, பையிலிருந்து புத்தம்புது டிரைவை எடுத்துப் பொருத்தி, 37ஐ மறுபடி போட்டார். விர்ர். நடுக்கம். முனகல். "புது டிரைவும் மோசம்" என்று எழுதி அடிக்கோடிட்டார்.

புத்தகம் திருப்ப வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். "இன்னும் படிச்சு முடிக்காதவங்க வீட்டுக்குப் போய் முடிச்சுட்டே வந்துடலாம் போல" என்றார் ஒருவர். லேபிள்காரரின் காது மடல் சிவந்தது. மதியம் சாப்பிடவில்லை. 4:15க்கு நூலகர் அம்மாள் அருகில் வந்து நின்றார். அந்த நிற்கும் விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"தப்பா நினைக்காதீங்க. உங்க சகலையைக் கூப்பிடட்டுமா? சும்மா ஒரு பார்வை பாக்கட்டும்."

"தாராளமா" என்றார். மாமனார் வீட்டு மேசையில் சொன்ன அதே தாராளமா. கருவிகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் சகலை எதிரே வந்தான். கையில் பை இல்லை. சட்டைப் பையில் ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர், பேனா மாதிரி.

"என்னண்ணே ஆச்சு?"

"போய்ப் பாரு. நீதானே இப்ப பெரிய டாக்டர்."

மறுநாள் காலை நூலகர் அம்மாளே போனில் சொன்னார். "பத்தே நிமிஷம்தான், நம்ப மாட்டீங்க! அவர் போட்டுப் பாத்தார், பெட்டி மேல காதை வெச்சுக் கேட்டார், வாஷ்பேசின் பக்கம் போயிட்டு வந்தார், மறுபடி போட்டார், கிளம்பிடுச்சு. பதிவேடு முழுசா கிடைச்சிருச்சு." அந்த அம்மாளின் குரலில் இருந்த மகிழ்ச்சியைக் கேட்டதும் லேபிள்காரர் போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகுதான் டிஸ்க்குகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. 37ஆம் எண். முப்பத்திரண்டு வருடத் தொழிலில் ஒரு பொருளை வேலை செய்த இடத்தில் மறந்துவிட்டு வந்தது அதுவே முதல்முறை. நூலகத்துக்குப் போனார். மேசை ஓரத்தில் பழுப்புக் காகித உறைக்குள் ஒரு டிஸ்க் கிடந்தது. லேபிள் இல்லை. பசை இருந்த இடத்தில் லேசான பிசுக்கு, நகம் கீறிய தடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடி வளையத்தில், பொடி எழுத்தில், 37.

என் டிஸ்க். என் கையொப்பத்தை உரித்துப் போட்டுவிட்டு, தன் டிஸ்க் மாதிரி போட்டு, பேர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்! ஆறரை மணி நேரம் நான் உழுததில் பத்து நிமிடத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 20 அன்று குழுவுக்குக் கடிதம் எழுதினார். மூன்று பத்தி. "மேற்படி டிஸ்க் எனக்கு உரிமையானது. அதிலிருந்த என் அடையாளத்தை அழித்து, என் உழைப்பைத் தம் திறமையாகக் காட்டிய ஒருவர் பொது நூலகத்தின் பொறுப்புக்குத் தகுதியானவர்தானா என்பதைக் குழு ஆராய வேண்டும்." நேரில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி, அந்தக் கையெழுத்துச் சீட்டுக்கும் ஒரு லேபிள் ஒட்டினார். அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

குழு முடிவைத் தள்ளிவைத்தது. ஜூன் 23 அன்று இருவருக்கும் கடிதம் வந்தது: சகலை விளக்கம் தர வேண்டும், லேபிள்காரர் டிஸ்க் தன்னுடையதுதான் என்பதற்குச் சான்று தர வேண்டும், கெடு ஜூலை 2.

மறுநாள் ஞாயிறு காலை கொழுந்தியாள் வந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"அத்தான், என் புருஷன் திருடனா?"

"நான் அந்த வார்த்தையை எழுதலை."

"எழுதாம எழுதறதுல உங்களை மிஞ்ச ஆள் உண்டா? உரிமை, அடையாளம், அழிச்சுட்டார்... ஒரு டிஸ்க்குக்கா இவ்வளவு? ஒரு கட்டு வாங்கி உங்க வாசல்ல போடறேன்!"

"டிஸ்க் பெருசில்லம்மா. அதை உரிச்சானே, அதுக்கு என்ன சொல்றான்? கேட்டுச் சொல்லு."

"கேக்காம இருப்பேனா? ராத்திரி பூரா கேட்டேன். வாயே திறக்க மாட்டேங்கறார். 'அண்ணன் நோட்டுல எல்லாம் இருக்கும், அவரே பாத்துக்குவார்'ங்கறார். இதையே பத்து தடவை. இவர் ஒரு ஊமை, நீங்க ஒரு நோட்டு! எங்கப்பா தேடித் தேடிப் புடிச்சிருக்கார் பாருங்க."

அக்கா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கை குடிக்காமல் போய்விட்டாள். மனைவி அந்த டம்ளரைக் கணவர் முன்னால் வைத்தாள். "நீங்களாவது குடிங்க. உள்ள எரியுதில்ல?"

நோட்டில் எல்லாம் இருக்கும். ஆமாம், இருக்கத்தான் இருக்கும்! 37ஆம் எண் என்றைக்கு எழுதப்பட்டது, எங்கெங்கே பயன்பட்டது என்று தேதிவாரியாகச் சான்று தயாரித்துவிட வேண்டும் என்று, நான்கு வருட நோட்டுகளை எடுத்துக்கொண்டு மதியமே கடைக்குப் போனார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கோடு போட்ட தாளில் எழுதத் தொடங்கினார். டிஸ்க் எண், தேதி, இடம், விளைவு.

விளைவு என்ற பத்தியில்தான் கை தயங்கியது. நூலகம்: ஓடவில்லை, டிரைவ் மோசம். நூலகம்: ஓடவில்லை, டிரைவ் மோசம். வேறிடம்: ஓடவில்லை, டிரைவ் மோசம். தன் கடை: ஓடியது. தன் கடை: ஓடியது. கடையில் இருந்தது 1999ஆம் வருடத்து டிரைவ். மாட்டு வண்டி வேகத்தில் சுற்றும். நூலகத்தில் இருந்தவை எல்லாம் பறக்கிற ரகம். பழைய நோட்டையும் எடுத்தார். நூலக வேலைக்குப் போன முதல் நான்கு வருடத்தில் மாற்றிய டிரைவ்: ஒன்றும் இல்லை. 2008 ஆகஸ்ட்டுக்குப் பிறகு: ஒன்பது.

நடுவில் 19ஆம் எண் டிஸ்க் வந்தது. 2008இல் லேபிள் கட்டு தீர்ந்துபோனதால் அது ஒன்றுக்கு மட்டும் ஒட்டவில்லை. நூலகத்தில் 26 தடவை போட்டிருந்தார், 26 தடவையும் ஓடியிருந்தது. பக்கத்தில் அவர் கையாலேயே எழுதியிருந்தார்: "ராசியான டிஸ்க்." 2012 மார்ச் 30 அன்று அலமாரிக்குப் பின்னால் விழுந்திருந்த ஒரு லேபிள் கிடைத்ததும் மகிழ்ச்சியோடு அதற்கும் ஒட்டினார். ஏப்ரல் 12: "19 ஓடவில்லை. ராசி போய்விட்டது."

லேபிள்காரர் பேனாவை மூடினார். பேனா மூடியிலும் ஒரு சின்ன லேபிள் இருந்தது.

பிறகு எழுந்து, நூலகத்திலிருந்து கழற்றிய ஒன்பது டிரைவ்களையும் பெட்டியிலிருந்து எடுத்தார். எதையும் எறிகிறவர் இல்லையே. ஒவ்வொன்றிலும் "மோசம்" என்று தேதியோடு ஒட்டியிருந்தது. ஒன்றைக் கம்ப்யூட்டரில் பொருத்தி 38ஆம் எண்ணைப் போட்டார். விர்ர், நடுக்கம், முனகல். 38ஐ வெளியே எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, லேபிளை உரித்து, துடைத்துப் போட்டார். சத்தமே இல்லை. டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டர் சமர்த்தாகக் கிளம்பியது. டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டிய கெட்டிக் காகிதம், வேகம் கூடினால் அதைத் தள்ளாட வைத்திருக்கிறது. அவ்வளவுதான் கோளாறு. மாலை 5:20க்குள் ஒன்பதையும் பார்த்துவிட்டார். ஏழு நல்லவை. இரண்டுதான் உண்மையிலேயே மோசம்.

தன் கையே தன் கண்ணைக் குத்தியிருக்கிறது. ஒரு நாளல்ல, நான்கு வருடம். அதைவிட அவரைக் குடைந்தது வேறு. ஃபேன்காரனுக்கு இது பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கிறது.

இரண்டு நாள் அந்தத் தாளைத் தொடவில்லை. யாருக்கும் தெரியாது. அவனும் சொல்லப்போவதில்லை. டிஸ்க் என்னுடையதுதான், அதில் பொய் ஒன்றுமில்லை. சான்றை 37ஆம் எண்ணோடு நிறுத்திக்கொண்டால் இடம் தனக்குத்தான். பேக்கரிக் கண்ணாடியில் சகலை கடையைப் பார்த்துக்கொண்டே இப்படியெல்லாம் கூட்டிக் கழித்தார். ஆனால் நோட்டைத் திறந்தால் "டிரைவ் மோசம்" என்ற ஏழு வரிகள் கண்ணில் குத்தின. பொறாமையோடு எத்தனை வருடம் வேண்டுமானாலும் குடும்பம் நடத்துவார். தப்பான பதிவோடு ஒரு வாரம்கூட நடத்த முடியாது. அவர் பிறவி அப்படி.

ஜூன் 26, செவ்வாய் காலை, நாற்பத்தோரு எட்டையும் நடந்தார். சகலை ஒரு பெட்டியைத் திறந்து ஊதிக்கொண்டிருந்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றார் லேபிள்காரர், உட்காராமலே.

சகலைக்கு எதைக் கேட்கிறார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. "சத்தம்ணே. ஒரு ரெக்கை வளைஞ்ச ஃபேன் இப்படித்தான் உறுமும். பதினாலு வருஷம் அதைக் கேட்டே காது தேஞ்சு போச்சு. எடுத்துப் பாத்தேன், ஒரு பக்கம் கனம்."

"அப்பவே என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"எப்படிண்ணே? அந்தம்மா பக்கத்துல நிக்கறாங்க. அந்த நூலகம் பூரா உங்க லேபிள். 'இதுதான் கோளாறு'ன்னு நான் சொன்னா உங்களுக்கு என்ன மரியாதை?"

"குழுவுக்கு விளக்கம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். 'டிஸ்க் அண்ணனுடையது. அதைத் துடைச்சுப் போட்டேன். ஓடிச்சு.' மூணு வரி."

"உரிச்சதைப் பத்தி?"

"துடைச்சேன்னு போட்டேன்ல."

காதிலும் தன்னை முந்திவிட்டான். இப்போது பெருந்தன்மையிலும் முந்திவிட்டானே என்று லேபிள்காரருக்கு நெஞ்சு எரிந்தது. இதற்கு நோட்டில் பத்தி போடவில்லையே.

"டிஸ்க்கை நகத்தால சுரண்டக் கூடாது" என்றார். "வெதுவெதுப்பான தண்ணியில ஊறப்போடணும். தடம் விழுந்திருக்கு, பாத்தேன்."

"சரிண்ணே. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம்." வாசல் வரை போய்த் திரும்பினார். "சரி, சொல்லு. சர்க்கரை கம்மியா."

ஜூன் 27 அன்று இரண்டாவது கடிதத்தைக் கொடுத்தார். புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், கோளாறு தன் லேபிள்களில் இருந்ததாகவும், அதைக் கண்டுபிடித்தவர் சகலை என்றும், ஒன்பது டிரைவ்களில் ஏழு நல்லவை என்றும், அவற்றைத் திருப்பித் தருவதாகவும் தேதிவாரியாக எழுதி, நோட்டின் பக்கங்களை நகலெடுத்து இணைத்தார். கடைசி வரியாக, லேபிள் உரிக்கையில் நகத்தைப் பயன்படுத்தியது முறையல்ல என்பதையும் சேர்த்தார். படித்துப் பார்த்த மனைவி, "இந்த வரி இல்லாம இருக்க முடியலையா?" என்றாள். "அதுவும் உண்மைதானே" என்றார்.

ஜூலை 17 அன்று அவருக்குப் பதில் வந்தது. அவர் மனு ஏற்கப்படவில்லை. உண்மையைத் தெரிவித்ததற்குக் குழு நன்றி கூறியது. கீழே இன்னொரு பத்தி: நூலகத்தின் டிஸ்க்குகள் எல்லாவற்றிலும் உள்ள லேபிள்களைச் சேதமில்லாமல் உரித்துத் தர வேண்டியிருப்பதால், உரிக்கும் முறை அறிந்தவர் என்ற வகையில் அந்த வேலையை அவரே ஏற்க வேண்டும் என்று குழு விரும்புகிறது. மொத்தம் 640.

மனைவி சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் போனாள். அடங்கவில்லை, வெளியே கேட்டது.

இரண்டு நாள் கழித்துத் தபால்காரர் இன்னொரு நீள உறையோடு வந்தார். "எதிர்க்கடை பூட்டியிருக்கு. நீங்க உறவுதானே? கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க." உறையின் மேல் நூலகத்தின் முத்திரை, சகலையின் பெயர். லேபிள்காரர் 11:20க்கு வாங்கி மேசையில் வைத்தார். 1:05 வரை அது அங்கேயே இருந்தது. ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒருமுறை நோட்டுக்கு அடியில் வைத்தார். ஒருமுறை வெளியே எடுத்து நேராக வைத்தார். பேக்கரிக் கண்ணாடியில் ஷட்டர் ஏறுவது தெரிந்ததும் எடுத்துக்கொண்டு நடந்தார். சகலையின் கையெல்லாம் கிரீஸ்.

"நீங்களே பிரிங்கண்ணே. உங்க வாயால கேட்டாத்தான் எனக்குத் தைரியம்."

பிரித்தார். படித்தார். கணினிப் பராமரிப்பாளர், நிரந்தரம், ஆகஸ்ட் 1 முதல். ஒரு சொல்லும் விடாமல், ஒரு சொல்லும் கூட்டாமல் படித்துக் காட்டினார். சகலை கிரீஸ் கையோடு நின்றான். கண் கலங்கியதைத் துடைக்கவும் முடியவில்லை. லேபிள்காரர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அதன் ஓரத்தில் வாங்கிய தேதி எழுதியிருந்தது.

கடைக்குத் திரும்பி, நோட்டைப் பின்பக்கமாகத் திறந்தார். ஜூலை முதல் சனிக்கிழமை எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். இப்போது எழுதினார்: எனக்கு 640, அவனுக்கு 1. கூட்டுத்தொகை போடவில்லை. நோட்டை முன்பக்கமாகத் திருப்பி, அன்றைய பதிவை முடித்தார்.

சகலைக்கு நூலகத்திலிருந்து கடிதம் வந்து சேர்ந்தது: 2012 ஜூலை 19, வியாழன்.